வெயிலில் நிற்கும் காரும் வீணாகும் பெட்ரோலும்

மதிய வெயிலில் அரை மணி நேரம் நின்றாலே காருக்குள் 50 பாகையைத் தாண்டிவிடும். கண்ணாடி வழியே நுழையும் வெயில் டேஷ்போர்டையும் இருக்கைகளையும் சுட வைக்கிறது. அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பிறகு ஏர்கோனை முழு வேகத்தில் போடுகிறோம். அதன் கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சின், எரிவது நம் பெட்ரோல்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுக் குளிர வைப்பது பலருக்கும் பழக்கம். வீண் செலவு அது. ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு முறை விசிறிபோல் திறந்து மூடுங்கள். அனல் காற்று வெளியேறிவிடும். கண்ணாடிகளைத் திறந்தபடி ஒன்றிரண்டு நிமிடம் ஓட்டி, பிறகு மூடி, உள்காற்றே சுழலும்படி பொத்தானை அழுத்துங்கள்.

நிழலில் நிறுத்துவது நல்லதுதான். தென்னை, டுரியான் மரத்தடி மட்டும் வேண்டாம்! நாள் முழுக்க நிறுத்துபவர்கள் காரின் பின்பக்கம் மேற்கைப் பார்க்கும்படி நிறுத்தினால் பிற்பகல் வெயில் முன்கண்ணாடியில் அறையாது. வெள்ளி நிறத் தடுப்பையும் முன்கண்ணாடியில் விரித்துவிடுங்கள். கறுப்பு டின்டட் எல்லாம் சூட்டைத் தடுப்பதில்லை; வெப்பத்தை எவ்வளவு தடுக்கும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். 2019 மே மாதம் முதல் பின்பக்கக் கண்ணாடிகளுக்கு ஜேபிஜே எந்த அளவு கருமையையும் அனுமதிக்கிறது.

கண்ணாடியை விரலளவு இறக்கி வைத்து, பிள்ளையை உள்ளே விட்டுக் கடைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியால் சூடு குறைவதில்லை. 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 பாகை ஏறிவிடும். நம் நாட்டில் காருக்குள் விடப்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். இறங்கும்போது பின் இருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.