மூழ்குவோர் மூச்சும் வாயு விதிகளும்

ஒரு வாயுவின் நிலையை அறிய அதன் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை ஆகியவற்றை அறிதல் வேண்டும். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. இச்சார்பு ஆய்வகத்தோடு நின்றுவிடுவதன்று. கடலில் மூழ்குவோரின் உயிரும் அதைப் பொறுத்ததே.

மாறா வெப்பநிலையில், குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் கனஅளவு அதன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். இதனை இராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்டார். கனஅளவு குறையும்போது மூலக்கூறுகள் கொள்கலத்தின் சுவரில் அடிக்கடி மோதுகின்றன. அதனால் அழுத்தம் மிகுகிறது.

கடல்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம் ஆகும். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ 1 வளிமண்டலம் கூடுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் மேற்பரப்பில் மூச்சை உள்ளிழுத்து, அதை அடக்கியவாறு மூழ்கினர். அவ்வாறு மூழ்குபவரின் நுரையீரலிலுள்ள 6 லிட்டர் காற்று 10 மீட்டர் ஆழத்தில் 3 லிட்டராகச் சுருங்கும்; மேலே வந்ததும் பழைய அளவையே அடையும்.

காற்று உருளையுடன் மூழ்குபவரின் நிலை வேறு. அவரது சுவாசக் கருவி, சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு இணையான அழுத்தத்தில் காற்றை அளிக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் 6 லிட்டர் காற்றை உள்ளிழுத்து, மூச்சை அடக்கி மேலெழுந்தால், அது 12 லிட்டராக விரிய முற்படும். நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழிகள் குருதியில் கலந்து, உயிரிழப்பும் நேரலாம். எனவே, மேலெழும்போது மூச்சை அடக்கலாகாது என்பது மூழ்குவோர்க்குரிய முதன்மையான விதியாகும்.

30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் 4 வளிமண்டலத்திலிருந்து 3 ஆகிறது. கனஅளவு மூன்றில் ஒரு பங்கே கூடுகிறது. இறுதி 10 மீட்டரிலோ அது இருமடங்காகிறது. ஆழம் குறைந்த பகுதியே அதிக இடருடையது என்பது இதனால் விளங்கும்.

வெப்பநிலையின் விளைவை உருளையிலேயே காணலாம். மூடிய உருளையின் கனஅளவு மாறாதது. ஆதலால் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும். 27 டிகிரி செல்சியஸில், அதாவது 300 கெல்வினில், 200 வளிமண்டல அழுத்தமுள்ள உருளை வெயிலில் 330 கெல்வினை அடைந்தால், அழுத்தம் ஏறத்தாழ 220 வளிமண்டலமாகும். இக்கணக்கீட்டில் செல்சியஸ் அளவைப் பயன்படுத்தினால் விடை பிழைபடும்.

மாறாக, அழுத்தம் மாறாதிருப்பின் கனஅளவே கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மிகும். இது சார்லஸ் விதி. இவ்விதிகளை இணைத்தால், அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கிக் கெல்வின் வெப்பநிலையால் வகுக்கக் கிடைப்பது, குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவிற்கு ஒரு மாறிலி என்பது பெறப்படும். மிக உயர்ந்த அழுத்தத்திலும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் இயல்பு வாயுக்கள் இதிலிருந்து விலகுகின்றன.