படத்தில் ஒரு நிறம்; பெட்டியில் ஒரு நிறம்!

ஜவுளிக்கடைக்குப் போகும் பெண்கள் ஒரு காரியம் செய்வார்கள். பிடித்த சேலையை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்கு வருவார்கள். வெயில் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் பணம் கொடுப்பார்கள்.

கடை விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இணையக் கடைக்கு வாசல் கிடையாது. படம் ஒன்றுதான் உண்டு. அந்தப் படம் பொய் சொன்னால்?

திரும்பி வந்த சேலை

காஞ்சீபுரத்தில் ஒரு நெசவாளி அரக்கு நிறப் பட்டுச் சேலை நெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் அதை இரவில், மஞ்சள் விளக்கின் கீழே செல்போனில் படம் எடுக்கிறான். "கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும்" என்று நிறத்தையும் கூட்டி, இணையத்தில் விற்பனைக்கு வைக்கிறான்.

சேலை ஒரு கலியாண வீட்டுக்குப் போகிறது. பெட்டியைத் திறக்கிறார்கள். படத்தில் குங்குமச் சிவப்பு, கையிலோ அரக்கு! முகூர்த்தத்துக்கு இரண்டே நாள். மணப்பெண் கண் கலங்குகிறாள்.

சேலை திரும்பி வருகிறது. போன கூலி, வந்த கூலி எல்லாம் நெசவாளி தலையில்! நெசவில் குற்றம் இல்லை. படத்தில்தான் குற்றம்.

சட்டமும் இதைச் சொல்கிறது. விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லாவிட்டால், அதைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது. இது மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த மின்வணிக விதி.

கேமரா ஏமாறுவது ஏன்?

மஞ்சள் விளக்கின் கீழேயும் வெள்ளை வேட்டி நம் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும். மூளை அதைச் சரிசெய்துகொள்கிறது. கேமராவோ வெளிச்சத்தின் நிறத்தை ஊகித்துத்தான் படம் எடுக்கிறது. படம் முழுவதும் ஒரே சிவப்பாக இருந்தால் அந்த ஊகம் தவறிவிடும்.

இதற்கு மருந்து எளியது. பகலில், நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரத்தில் படம் எடுக்க வேண்டும். வீட்டு விளக்குகளை அணைத்துவிட வேண்டும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். பிளாஷ் கூடாது, ஜரிகை கண்ணைப் பறித்துவிடும்.

சேலையோடு ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து முதல் படம் எடுப்பது தொழில் தெரிந்தவர்கள் வழக்கம். அட்டை சாம்பலாகத் தெரியும்வரை நிறத்தைத் திருத்தினால், சேலையின் நிறமும் சரியாகிவிடும்.

மயில் கழுத்து!

மயில் கழுத்து நிறச் சேலைக்குப் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். அசைத்தால் நிறம் மாறும். அதற்கு ஒரு படம் போதாது. இரண்டு மூன்று கோணம் வேண்டும். கரை, முந்தானை, ரவிக்கைத் துணி, சேலையின் உள்பக்கம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் படம் தேவை. நெசவில் சிறு முடிச்சு இருந்தால் அதையும் காட்டிவிடுவது நல்லது.

கடைகளுக்கும் விதி உண்டு. அமேசானில் முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும். படத்தில் 85 சதவீத இடத்தைப் பொருளே நிரப்ப வேண்டும். மேலே எழுத்து எதுவும் கூடாது. படத்தின் நீண்ட பக்கம் 1,000 புள்ளிகளுக்குக் குறையாமல் இருந்தால், வாங்குகிறவர் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கடைசிச் சோதனை

படம் தயாரானதும் ஒரு சோதனை பாக்கி. சேலையைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, பக்கத்தில் படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே செல்போனில் பார்த்தால் போதாது. இரண்டு மூன்றில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திரையும் சிறிது மாறுபடும். ஆகவே, "அரக்கு நிறம்" என்று எழுத்திலும் சொல்லிவிட வேண்டும்.

"வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள் அம்மா" என்று தானே சொல்லும் கடைக்காரரிடம் பெண்கள் மறுபடியும் போவார்கள். இணையத்தில் அந்த வார்த்தையைப் படம்தான் சொல்ல வேண்டும்.