குயில்ட் முதலில், கத்தரி பிறகு

தலையணை உறை தைக்கத் தெரிந்தவர்கள்கூட, ஃப்ரில் வைத்துக் குயில்ட் போட்ட உறை என்றதும் பின்வாங்கிவிடுகிறார்கள். கடையில் தொங்குவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். முகப்பில் கட்டம் கட்டமாக உப்பிய தையல், நாலு ஓரத்திலும் சுற்றி வரும் சுருக்கு, பின்னால் பட்டனோ ஜிப்போ இல்லாமல் மூடிக்கொள்ளும் வாய். பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பது நாலே வேலை. மூன்று அடுக்கைச் சேர்த்துத் தைப்பது, நீளத் துணியைச் சுருக்குவது, பின்பக்கத்துக்கு இரண்டு துண்டுகளை ஓரம் மடித்து அடிப்பது, எல்லாவற்றையும் ஒன்றாக இணைப்பது. நேர்த்தையல் போடத் தெரிந்தால் நாலும் கைக்கு வரும். கெட்டுப்போகும் உறைகளில் பெரும்பாலானவை வரிசை மாறியதால் கெட்டவை. அந்த வரிசையை நிதானமாகச் சொல்கிறேன். டீ ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

உறை வேறு, ஷாம் வேறு

தலையணை உறை என்பது படுப்பதற்கு. ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும், தலையணையை உள்ளே தள்ளி மடிப்பைச் செருகிவிடுவோம். ஷாம் என்பது பகலில் கட்டிலை அலங்கரிப்பதற்கு. அதன் நாலு ஓரமும் அழகாகத் தெரிய வேண்டும் என்பதால் வாயைப் பின்பக்கம் நடுவில் வைப்பார்கள். இரண்டு துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும், தலையணை வெளியே வராது. ராத்திரி ஷாம் போட்ட தலையணையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சாதா உறை போட்டதில் தலை வைத்துப் படுப்பதுதான் வழக்கம். ஃப்ரிலும் குயில்ட்டும் கன்னத்தில் உறுத்தும் என்பது ஒரு காரணம். தினமும் தலை எண்ணெய் பட்டால் அடிக்கடி துவைக்க வேண்டிவரும் என்பது இன்னொன்று.

நாம் தைக்கப்போவது ஷாம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தலையணை 17-க்கு 27 இஞ்ச். அதற்கு 18-க்கு 28 இஞ்சில் முடிகிற ஷாம் ஒன்றைக் கணக்காக எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்குத் தைத்து அனுப்புவதானால் அங்கே வழக்கமான அளவு 20-க்கு 26 இஞ்ச். இங்கிலாந்தில் 50-க்கு 75 சென்டிமீட்டர். அளவைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள், மற்ற கணக்கெல்லாம் அதற்கேற்ப மாறும்.

துணி

முகப்புக்கும் ஃப்ரிலுக்கும் நல்ல பருத்தி போதும். பாப்ளின், கேம்பிரிக், சுங்குடி எல்லாம் சரி. பழைய சுங்குடிப் புடவை கிழியாமல் இருந்தால் ஃப்ரிலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், சுருக்கினால் தண்ணீராய் விழும். ஜரிகைக் கரையை ஃப்ரிலாக்க ஆசைப்படாதீர்கள். விறைப்பான துணி சுருங்காது, கோணல் மாணலாக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கரையை முகப்பில் பட்டையாக வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

எந்தத் துணியானாலும் முதலில் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, தேய்த்துக்கொள்ளுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பிறகு முகப்பு ஒரு அளவும் பின்பக்கம் ஒரு அளவும் சுருங்கினால் உறை முறுக்கிக்கொள்ளும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று ஈரத் துணியின் மேல் வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள்.

உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. பாலியெஸ்டரில் உப்பல் அதிகம், விலை குறைவு, ஆனால் வெயில் காலத்தில் சூடு. பருத்தி விரிப்பு தட்டையாக, குளிர்ச்சியாக இருக்கும். இரண்டும் வேண்டாம் என்றால் பழைய வேட்டியை இரண்டு மூன்று மடிப்பாக வைத்துத் தையுங்கள். வங்காளத்தின் காந்தாவும் வட கர்நாடகத்தின் கவுதியும் இப்படித்தான் பழைய புடவைகளை அடுக்கி, ஓட்டுத் தையலால் பிடித்துத் தைக்கப்பட்டவை. நம் ஊர் வெயிலுக்கு அதுவே பொருத்தம். அடியில் வைப்பதற்கு மெல்லிய காடாத் துணியோ மல் துணியோ போதும், அது வெளியே தெரியாது.

44 இஞ்ச் அகலத் துணியில் ஒரு ஷாமுக்கு 2 மீட்டர் வேண்டும். முகப்பு 21-க்கு 31 இஞ்ச். பின்பக்கத்துக்கு 19-க்கு 19 இஞ்சில் இரண்டு சதுரம். ஃப்ரிலுக்கு 6 இஞ்ச் அகலத்தில், கரையிலிருந்து கரைக்குக் குறுக்காக 5 பட்டை. இதற்கு மொத்தம் 70 இஞ்ச் நீளம் போகும், மிச்சம் சுருக்கத்துக்கு. பஞ்சு விரிப்பும் காடாவும் தலா 23-க்கு 33 இஞ்ச். பட்டைகளைக் கத்தரியால் வெட்டுவதைவிடக் கடைக்காரர் கிழிப்பதுபோல் ஒரு வெட்டு கொடுத்துக் கிழித்தால் இழைநேராக வரும்.

மூன்று அடுக்கு

முகப்புத் துணி முடிவில் 19-க்கு 29 இஞ்ச் இருந்தால் போதும். பிறகு ஏன் 21-க்கு 31 வெட்டச் சொன்னேன்? குயில்ட் போடும்போது ஒவ்வொரு தையல் வரியும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். வரிகள் நெருக்கமாக இருக்க இருக்க இழுப்பு கூடும். எவ்வளவு இழுக்கும் என்பது பஞ்சின் கனத்தையும் உங்கள் மிஷினையும் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் சரியான அளவுக்கு முதலிலேயே வெட்டிவைத்தால் கடைசியில் துணி பற்றாது. பெரிதாக வெட்டு, குயில்ட் போடு, பிறகு அளந்து வெட்டு. இந்த வேலை முழுவதிலும் நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்.

முகப்புத் துணியில் குறுக்கு வரிகளை முதலில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு மூலைவாக்கில் 2 இஞ்ச் இடைவெளியில் கோடுகள், பிறகு எதிர் மூலைவாக்கில் அதே இடைவெளி. சதுரங்கள் சாய்ந்து வைரக் கட்டமாகும். அடர்நிறத் துணியில் தேய்ந்துபோன சோப்புத் துண்டு நன்றாகக் கோடு போடும், துவைத்தால் போய்விடும். வெளிர்நிறத் துணிக்குத் தையல்காரர் சாக்.

காடாவைத் தரையில் இழுத்து விரித்து, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் முகப்பு. நடுவிலிருந்து வெளியே தடவிச் சுருக்கம் எடுத்து, ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். ஊக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். மிஷினின் கீழே இருக்கும் பல் அடித்துணியைத்தான் இழுக்கிறது. மேல் துணியைத் தையல் கால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. அதனால் அடித்துணி முன்னால் போக, மேல்துணி பின்தங்கி முடிச்சு முடிச்சாகக் குவியும். இதைத் தடுக்கத்தான் மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற தையல் கால் விற்கிறார்கள். அது இல்லையென்றால் தையல் காலின் அழுத்தத்தைத் திருகித் தளர்த்திக்கொள்ளுங்கள், ஊக்கைக் கூட்டுங்கள், மெதுவாக ஓட்டுங்கள். கால் மிஷின் இந்த வேலைக்குத் தங்கமான மிஷின், வேகம் முழுவதும் உங்கள் பாதத்தில் இருக்கிறது.

ஊசி 14 அல்லது 16-ஆம் நம்பர். தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். நடுவில் போகும் கோட்டை முதலில் தைத்து, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு கோடாகப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி மாட்டிக்கொண்டு உப்பும். முடிந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து 19-க்கு 29 அளந்து, நாலு மூலையும் செங்கோணமாக இருக்கிறதா பார்த்து, இப்போது வெட்டுங்கள். மூலைகளில் 3 இஞ்ச் வாய் உள்ள டம்ளரைக் கவிழ்த்து வளைவாக வரைந்து அதையும் வெட்டிவிடுங்கள். கூர்மூலையில் ஃப்ரில் திருப்புவது சிரமம், வளைவில் தானாகத் திரும்பும்.

ஃப்ரில்

18-க்கு 28 ஷாமின் சுற்றளவு 92 இஞ்ச். ஃப்ரில் நிறைவாகத் தெரிய வேண்டுமானால் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாமல் துணி வேண்டும். ஒன்றரை மடங்கில் தைத்தால் பஞ்சத்தில் அடிபட்டது மாதிரி இருக்கும். நம் 5 பட்டைகளைக் கரை நீக்கி வளையமாக இணைத்தால் ஏறக்குறைய 205 இஞ்ச் வரும், இரண்டே கால் மடங்கு. இணைப்புகளை விரித்துத் தேய்த்து, பட்டையை நீளவாக்கில் நல்ல பக்கம் வெளியே வர இரண்டாக மடித்துத் தேயுங்கள். 3 இஞ்ச் அகலம் கிடைக்கும். அரை இஞ்ச் தையலுக்குள் போக, இரண்டரை இஞ்ச் வெளியே தெரியும். மடித்த விளிம்பே ஓரம் என்பதால் பிசிறு அடிக்கும் வேலை இல்லை.

வளையத்தை நாலு சம பாகமாக மடித்து அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு பாகமும் 51 இஞ்ச் இருக்கும். முகப்பில் நாலு பக்கத்தின் நடுப்புள்ளியையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளப் பக்கத்தில் பாதி 14, அகலப் பக்கத்தில் பாதி 9, சேர்த்து 23. எந்த நடுப்புள்ளியிலிருந்து அடுத்ததற்கு அளந்தாலும் அதே 23 இஞ்ச்தான். மூலையை வளைத்து வெட்டியதில் கொஞ்சம் குறையும், ஆனால் நாலு பாகத்திலும் ஒரே மாதிரி குறையும். ஆகவே நாலு அடையாளத்தை நாலு நடுப்புள்ளியில் குண்டூசியால் குத்திவிட்டால் ஃப்ரில் சமமாகப் பிரிந்துவிட்டது.

சுருக்குவதற்கு, மேல் நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீளத் தையலில், மடிக்காத ஓரத்தையொட்டி இரண்டு வரி ஓட்டுங்கள். ஒரு வரி போட்டால் அறுந்துவிடும், சுருக்கும் சாய்ந்து விழும். ஒவ்வொரு கால் பாகத்துக்கும் தையலை நிறுத்தி, நூல்வால் விட்டு மறுபடி தொடங்குங்கள். அப்போது எங்காவது அறுந்தாலும் அந்தப் பாகத்தை மட்டும் திரும்பத் தைத்தால் போதும். பாபின் நூல் இரண்டையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுங்கள், துணி நூலின் மேல் வழுக்கிக்கொண்டு கூடும்.

மூலைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். நம் வளைவில் தையல் கோட்டின் நீளம் ஒன்றரை இஞ்ச் சொச்சம். இரண்டரை இஞ்ச் தள்ளி ஃப்ரிலின் வெளி விளிம்பு சுற்ற வேண்டிய நீளமோ ஐந்தரை இஞ்ச். நேர்ப்பக்கத்தில் வைக்கிற அளவே மூலையிலும் சுருக்கு வைத்தால் விளிம்பு பற்றாமல் ஃப்ரில் கிண்ணம்போல் உள்ளே மடங்கும். அதனால் ஒவ்வொரு மூலையிலும் 6 இஞ்ச் ஃப்ரிலாவது குவியும்படி தள்ளிவிட்டு, மிச்சத்தை நேர்ப்பக்கத்தில் பரப்புங்கள்.

இணைப்பு

முகப்பின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். அதன் மேல் ஃப்ரில், மடித்த விளிம்பு உறையின் நடுவைப் பார்க்க, மடிக்காத ஓரங்கள் ஒன்றோடொன்று சேர. அரை இஞ்சுக்குச் சற்றுக் குறைவாக ஒரு சுற்று தைத்து நிறுத்துங்கள். மூலையில் விரிந்து நிற்கும் ஃப்ரிலை உள்பக்கமாக மடக்கி ஊக்கு குத்திவைத்தால் அடுத்த தையலில் மாட்டாது.

பின்பக்கச் சதுரங்கள் இரண்டிலும் ஒரு ஓரத்தை முதலில் அரை இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச் மடித்து அடியுங்கள். 19 இஞ்ச் பதினேழரை ஆகும். இரண்டையும் முகப்பின் இரு ஓரத்தில் சேர்த்துக் கவிழ்த்து வைத்தால் நடுவில் 6 இஞ்ச் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். முதலில் வைக்கும் துண்டுதான் திருப்பிய பிறகு வெளியே தெரியும். மூலைகளைப் பின்பக்கத்திலும் அதே வளைவில் வெட்டி, குண்டூசி குத்தி, முகப்பின் காடாப் பக்கம் மேலே வரும்படி திருப்புங்கள். முன்பு போட்ட தையல் அங்கே தெரியும், அதற்கு ஒரு நூலிழை உள்ளே தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். இப்படிச் செய்தால் சுருக்குத் தையல் எதுவும் வெளியே எட்டிப்பார்க்காது. துண்டுகள் ஏறும் இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். அங்கே கனம் அதிகம், சக்கரத்தைக் கையால் சுற்றுவது நல்லது.

தையலுக்கு வெளியே இருக்கும் பஞ்சை மட்டும் ஒட்டக் கத்தரித்துவிட்டு, மிச்ச ஓரத்துக்கு ஓவர்லாக்கோ ஜிக்ஜாக்கோ போடுங்கள். இரண்டும் இல்லையென்றால் குறுக்குத் துணிப் பட்டை வைத்து மூடுங்கள். திருப்பி, ஃப்ரிலை மட்டும் தேயுங்கள். பாலியெஸ்டர் வைத்த முகப்பில் சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் உப்பல் போய்விடும்.

ஷாம் பெரிதாகத் தோன்றினால் சாதா உறையின் வாயில் மட்டும் ஃப்ரில் வைத்துத் தொடங்கலாம். வாயின் சுற்றளவு 36 இஞ்ச்தான், 80 இஞ்ச் பட்டை தாராளம். மூலையே கிடையாது. அதில் கை பழகிய பிறகு ஷாமுக்கு வாருங்கள்.

துவைக்கும்போது தண்ணீரில் முக்கி அலசிப் பிழியாமல் உருட்டி அழுத்துங்கள், தட்டையாக நிழலில் காயவையுங்கள். 2 இஞ்ச் இடைவெளியில் குயில்ட் போட்ட பஞ்சு கட்டி தட்டாது.

கடைசியாக, இதையெல்லாம் தைக்கும் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. 1924-ல் ஜி. ராமச்சந்திரன் காந்தியைச் சந்தித்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். பின்னாளில் தன் மனைவி சௌந்தரம் அம்மாவுடன் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவியவர் ராமச்சந்திரன். விலக்காகக் காந்தி சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்து அலுப்பதைப் பார்த்த ஒருவர், அந்தப் பாட்டைக் குறைக்க அன்பினால் செய்தது அது என்பது காந்தி சொன்ன காரணம். அந்த மிஷின் இன்று எத்தனையோ வீடுகளில் உறை போட்டு மூடி, மேலே பழைய செய்தித்தாள் அடுக்கும் மேஜையாக நிற்கிறது. கரூரிலிருந்து தலையணை உறைகள் உலகமெங்கும் போகின்றன, அந்தத் தையலுக்குப் பின்னால் இருப்பதும் இதே நேர்த்தையல்தான். உங்கள் வீட்டு மிஷினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். புது ஊசி மாட்டுங்கள். ரெண்டு மீட்டர் துணியை இன்றைக்கே நனைத்துப் போடுங்கள்.