கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? எந்த மெமரி என்று கேளுங்கள்!

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதும் திருநெல்வேலி நண்பர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் என்னைத் தேடி ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பழைய லாப்டாப். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கியது.

"அண்ணாச்சி, 500 மெமரி இருக்குன்னு சொல்லித்தான் குடுத்தான். ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்த பெறவுதான் எழுந்திரிக்கு. வேற வாங்கணும்னு பிள்ளை அழுவுது. மறுபடி பணத்துக்கு எங்கே போவேன்?" என்றார்.

எந்தக் கடை என்பது இங்கே அவசியமில்லை. கடைக்காரர் சொன்னது பொய்யும் அல்ல. 500 இருந்தது. ஆனால் அது எந்த மெமரி என்று நண்பர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கும் ஒரு காலத்தில் தெரியாதுதான். ரயில்வே கவுண்ட்டரில் உட்கார்ந்த பிறகு, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்து கொண்டதை நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரிவது கம்ப்யூட்டர் அல்ல

தம்பானூர் ரயில் நிலையத்தில் ரிசர்வேஷன் வரிசையில் நிற்பவர்கள், கிளார்க்கின் முன்னால் இருக்கும் திரையைக் காட்டி "கம்ப்யூட்டர்" என்பார்கள். அந்தத் திரைக்கு மானிட்டர் என்று பெயர். தட்டுவது கீபோர்டு. இவை விவரத்தைக் காட்டவும் வாங்கவும்தான். எந்த வண்டியில் எந்தப் படுக்கை காலி என்ற கணக்கை வைத்திருக்கும் பெரிய கம்ப்யூட்டர் வேறு ஊரில் இருக்கிறது.

ரயில்வேயில் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் 1985ம் ஆண்டு டெல்லியில் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் கனத்த ரிஜிஸ்தர்கள்தான். டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999ல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

அந்தப் பழைய ரிஜிஸ்தர் ஆபீசை மனதில் வைத்துக் கொண்டால், லாப்டாப்பின் உள்ளே இருப்பவையும் எளிதில் விளங்கும்.

கிளார்க், மேஜை, பீரோ

கணக்குப் போடும் கிளார்க்தான் பிராசசர். அதன் வேகத்தைக் கிகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறார்கள். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 100 கோடி துடிப்பு. 'கோர்' என்பது ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் கிளார்க்குகளின் எண்ணிக்கை. நான்கு கோர் என்றால் நான்கு பேர்.

கிளார்க்கின் முன்னால் இருக்கும் மேஜை, ரேம். அப்போது நடக்கும் வேலைக்கு வேண்டியதை மட்டும் அதில் பரப்பி வைக்கலாம். மின்சாரம் நின்றால் மேஜையில் இருந்தது அத்தனையும் அழிந்து போகும்.

பின்னால் இருக்கும் பீரோதான் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. மின்சாரம் போனாலும் அதில் வைத்தது அப்படியே இருக்கும்.

பேச்சில் இரண்டையுமே 'மெமரி' என்று சொல்லி விடுகிறார்கள். தொல்லை அங்கேதான். நண்பரின் லாப்டாப்பில் பீரோ 500 ஜி.பி. மேஜையோ 4 ஜி.பி.தான். மேஜை சிறிதாக இருந்தால், எவ்வளவு சாமர்த்தியமான கிளார்க்கும் ஒவ்வொரு ரிஜிஸ்தருக்கும் பீரோவுக்கு நடந்து கொண்டே இருப்பார். வரிசை நகராது.

பீரோவிலும் இரண்டு வகை உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு சுழலும். லாப்டாப்புகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. எல்லாம் சிப்தான். அதனால் கேட்டதைப் பல மடங்கு வேகமாக எடுத்துக் கொடுக்கும்.

இவை அனைத்தையும் ஒன்றோடொன்று இணைக்கும் பலகை, மதர்போர்டு.

500 வாங்கினால் 465 காட்டுவது ஏன்?

ஓர் ஆங்கில எழுத்துக்கு வேண்டிய இடம் ஒரு பைட். இன்று பரவலாக வழங்கும் முறையில் நமது 'அ' எழுத்துக்கு 3 பைட் வேண்டும். ஜி.பி. என்பது சுமார் 100 கோடி பைட்.

500 ஜி.பி. வாங்கினால் விண்டோஸில் 465 என்றுதான் காட்டும். யாரும் திருடி விடவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடையில் கேட்க வேண்டியவை

ரேம் எவ்வளவு? பின்னால் கூட்ட முடியுமா? சில லாப்டாப்புகளில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அதற்கென்று தனி இடமும் இல்லாவிட்டால் கூட்டவே முடியாது. கூட்டுவதானாலும் ஒரே வகையாக இருக்க வேண்டும். டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 பொருந்தாது.

இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

பழையது வாங்கினால், பிராசசர் எந்தத் தலைமுறை? விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கி வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்குப் பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் ஒரு ஜாக்கிரதை தேவை. இந்த ஊரில் ஐப்பசி மாதத்து இடி நமக்குத் தெரிந்ததுதான். வானம் இருட்டும்போதே பிளக்கைப் பிடுங்கி விடுவது நல்லது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

நண்பருக்கு என்ன ஆயிற்று?

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் அழைத்துப் போனேன். திறந்து பார்த்தார். எட்டாம் தலைமுறை பிராசசர், ரேமுக்கு ஓர் இடம் காலி. அதே வகையில் இன்னொரு 4 ஜி.பி. போட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்து விட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தினார். புதிதாக வாங்க வேண்டிய பணத்தில் ஒரு சிறு பங்குதான் செலவு.

மறுநாள் காலையில் நண்பர் போன் செய்தார். "டீ ஆத்துறதுக்குள்ளே எழுந்திரிச்சிட்டு அண்ணாச்சி!"

சாலையில் அரிசி வாங்கும்போது பச்சரிசியா, புழுங்கலரிசியா என்று கேட்காமல் நாம் யாரும் பையை நீட்டுவதில்லை. அடுத்த முறை ஒருவர் "மெமரி 500" என்று சொன்னால், "ரேமா, டிஸ்க்கா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, ஒரு சீட்டுப் பணத்தைக் காப்பாற்றும்.