நொச்சி இலையும் வலி நீக்கும் ஆய்வும்

மூட்டு வலியோடு மருத்துவமனைக்கு வருவோரிற் பலர், நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்துப் பார்த்த பின்னரே வருகின்றனர். அவர்களுள் சிலர் கேட்கும் வினா ஒன்று உண்டு: “நொச்சியில் வலி நீக்கும் ஆற்றல் இருப்பதாக ஆய்வே கூறுகிறதாமே, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கலாமா?”

நொச்சி நமக்கு அயலானதன்று. ஏரிக்கரையிலும் வேலியோரத்திலும் வளர்வது. கோட்டையைக் காத்து நிற்போர் சூடிய பூவும் நொச்சியே என்பது செஞ்சிக் கோட்டை நகரத்தார் அறிந்து மகிழத்தக்க செய்தி. அதன் இலையைப் பற்றிய ஆய்வும் உண்மையே. இலங்கை ஆய்வாளர்கள் முற்றிய பச்சை இலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்து, வீக்கமும் வலியும் குறைந்ததாக 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இத்தகைய ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது? 1962ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள முறையில், செம்பாசியிலிருந்து எடுக்கப்படும் காரஜீனன் என்னும் பொருளை எலியின் பின்னங்காலில் ஊசி வழியே செலுத்துவர். சில மணி நேரத்தில் கால் வீங்கும். ஒரு குழுவுக்கு வெறும் நீர், மற்றொன்றுக்கு இண்டோமெத்தசின் போன்ற அறியப்பட்ட மருந்து, ஏனையவற்றுக்கு வெவ்வேறு அளவில் இலைச்சாறு கொடுத்து, மணிதோறும் காலின் பருமனை அளப்பர். வலியை அறிய வேறு சோதனை உண்டு. ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ் சூடுள்ள தட்டில் விலங்கை விட்டு, அது காலை நக்கவோ துள்ளவோ எத்தனை நொடி ஆகிறது எனக் கணக்கிடுவர். காயம் ஏற்படுமுன் எடுத்துவிடுவர்.

இங்கு அளக்கப்படுவது சில மணி நேர வீக்கம். முடக்குவாதமோ பல்லாண்டு நீடித்து மூட்டையே அரிப்பது. வலி குறைந்தாலும் அரிப்பு நின்றுவிட்டதாகப் பொருளில்லை. மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தாமாக நிறுத்துவோருக்கு நேரும் இழப்பு இதுவே; சிதைந்த மூட்டு பழைய நிலைக்கு மீளாது. மேலும், ஆய்வுக்கூடச் சாறு அளந்து செய்யப்படுவது. வீட்டுக் கஷாயத்தின் செறிவு இலைக்கு இலை, கொதிக்குக் கொதி மாறும். மனிதரிடம் முதலில் பாதுகாப்பையும், பின்னர் பயனையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஓர் அளவைப் பரிந்துரைக்க இயலும்.

ஒத்தடத்திற்குப் பொதுவாகத் தடையில்லை. ஆயினும் நீரிழிவால் பாத உணர்வு குன்றியோர் அதைத் தவிர்க்க வேண்டும். சுடுவது தெரியாமலே புண்ணாகிவிடும். உள்ளுக்கு எதை அருந்தினாலும், குறிப்பாகச் சிறுநீரக நோயாளர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர், கருவுற்றோர், அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டோர், மருத்துவரிடம் முன்னரே கூறுக. சித்த மருத்துவம் பெறுவோர் அச்சீட்டையும் உடன் கொணர்க.

பெயர்ச்சீட்டில்லாத பொடி ஒரே நாளில் வலியைப் போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என ஐயுறுதல் தகும். நெடுநாள் உண்டிருப்பின் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; அப்பொடியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வருக.