டேட்டாபேஸ் சாவி யார் கையில்?

கோட்டாறு மொத்தக் கடையோ, மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்கேன் சென்டரோ, பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு டேட்டாபேஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு, எந்த நோயாளிக்கு என்ன முடிவு எல்லாம் அதற்குள்தான். அந்த சர்வரை நிறுவும்போதே சகல அதிகாரமும் உள்ள ஒரு அட்மின் கணக்கும் சேர்ந்து உருவாகிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் அதன் பெயர் ‘எஸ்.ஏ.’, மை எஸ்.க்யூ.எல்.லில் ‘ரூட்’. உலகம் முழுக்க இதே பெயர்கள்தான். எனவே உள்ளே நுழையப் பார்ப்பவருக்குக் கடவுச்சொல் ஒன்றுதான் பாக்கி. அதையும் யாரும் மாற்றவில்லை என்றால் கதவு திறந்தே கிடக்கிறது.

இது பழைய நோய். ஆரக்கிள் டேட்டாபேஸின் பழைய பதிப்புகளில் ‘சிஸ்’ என்ற அட்மின் கணக்குக்கு ஆலையிலிருந்தே வந்த கடவுச்சொல், ‘நிறுவும்போது மாற்று’ என்று பொருள்படும் ‘சேஞ்ச் ஆன் இன்ஸ்டால்’. அதைக்கூட மாற்றாமல் ஓட்டியவர்கள் உண்டு. பயிற்சிக்காகத் தந்த ‘ஸ்காட்’ கணக்கின் கடவுச்சொல் ‘டைகர்’. ஆரக்கிளின் தொடக்ககாலப் பொறியாளர் புரூஸ் ஸ்காட் வீட்டுப் பூனையின் பெயர் அது. ஆரக்கிள் படித்த அத்தனை பேருக்கும் தெரிந்த ரகசியம்.

விலை கொடுத்த நாளும் வந்தது. 2002 மே மாதம் ‘ஸ்பைடா’ என்ற புழு நிரல் இணையத்தில் பரவியது. அது செய்ததெல்லாம் எஸ்.க்யூ.எல். சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் 1433-ஆம் எண் போர்ட்டைத் தட்டி, ‘எஸ்.ஏ.’ என்று பெயர் சொல்லி, கடவுச்சொல் இடத்தைக் காலியாக விட்டுப் பார்த்ததுதான். ஏராளமான சர்வர்கள் திறந்துகொண்டன. 2017 ஜனவரியில் மோங்கோ டிபி என்ற இன்னொரு வகை டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அடி விழுந்தது. கடவுச்சொல்லே கேட்காமல் இணையத்தில் நின்ற பல்லாயிரம் டேட்டாபேஸ்களை அழித்துவிட்டு, பிட்காயின் தந்தால் திருப்பித் தருவதாக மிரட்டல் குறிப்பு வைத்துப் போனார்கள்.

மென்பொருள் தயாரிப்பாளர்கள் படிப்படியாகத் திருந்தினார்கள். மை எஸ்.க்யூ.எல். 5.7 பதிப்பு முதல், லினக்ஸின் பல வகைகளில் நிறுவும்போது ரூட் கணக்குக்குத் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று தாறுமாறான எழுத்துகளில் உருவாகி, லாக் கோப்பில் எழுதப்படுகிறது. அதைத் தேடி எடுத்து உள்ளே போய், புதியது வைத்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். எஸ்.க்யூ.எல். சர்வரும் இப்போது நிறுவும்போது ‘எஸ்.ஏ.’வுக்குக் காலிக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை.

ஆனால் நிறுவுகிறவர்களின் பழக்கம் அந்த வேகத்தில் மாறவில்லை. பில்லிங் மென்பொருள் விற்கும் நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி பென் டிரைவோடு வருவார். சர்வரை நிறுவுவார். கடவுச்சொல் கேட்கும் திரையில், தங்கள் நிறுவனம் எல்லாக் கடைக்கும் போடும் அதே சொல்லை அடிப்பார். நாளை பழுது பார்க்க வரும் இன்னொருவருக்கும் தெரிய வேண்டுமே என்பது அவர் நியாயம். மென்பொருளும் அந்த அட்மின் கணக்கிலேயே வேலை செய்யும். துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே விற்பனையைப் பார்க்க வேண்டும் என்று முதலாளி கேட்டால், ரவுட்டரில் 1433 போர்ட்டைத் திறந்துவிட்டுப் போவார். இதில் எந்த ஒன்றும் தனியாகப் பெரிய குற்றம்போலத் தெரியாது. மூன்றும் சேர்ந்தால், வேலையை விட்டுப் போன ஒரு ஊழியர் எங்கிருந்தும் அத்தனை கடைகளின் கணக்கையும் திறக்கலாம். தொழிற்சாலை போட்ட டீஃபால்ட் பாஸ்வேர்டை விட, விற்பனையாளர் போடும் இந்தப் பொதுப் பாஸ்வேர்டுதான் இன்று நம் ஊருக்கு அதிக ஆபத்து என்பேன்.

பெரிய இடங்களிலும் குறி அட்மின் கணக்குதான். அஞ்சுகிராமத்தைத் தாண்டினால் வரும் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் ‘டிட்ராக்’ என்ற ஊடுருவல் நிரல் பிடிபட்டது. நிர்வாக வேலைகளுக்கான வலையமைப்பில்தான் அது இருந்தது, உலையை இயக்கும் அமைப்பு தனியானது என்று அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. அந்த நிரலின் மாதிரியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், உள்வலையின் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கும் கடவுச்சொல்லும் அதற்குள்ளேயே எழுதியிருந்ததைக் காட்டினார்கள். 2024 மே மாதம் தமிழகக் காவல் துறையின் முகமறிதல் இணையதளத்தில் ஊடுருவல் நடந்தபோதும், ஒரு அட்மின் கணக்கின் கடவுச்சொல் களவுபோனதே வழி என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது. அந்தக் கணக்குக்கு மிகக் குறைந்த உரிமைகளே இருந்தன என்று காவல் துறை விளக்கியது. அதிகாரத்தைப் பிரித்து வைப்பதன் பயன் இதுதான்.

கடைக்காரர் செய்யக்கூடியது கடினமல்ல. நிறுவும் அன்றே, நெட் கேபிளைச் செருகும் முன், அட்மின் கடவுச்சொல்லை நீளமாக, உங்கள் கடைக்கு மட்டுமே உரியதாக மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் வேறொரு அட்மின் கணக்கு உருவாக்கி ‘எஸ்.ஏ.’வை முடக்கிவிடவும் முடியும். பில்லிங் மென்பொருளுக்குத் தேவையான உரிமைகள் மட்டும் உள்ள தனிக் கணக்கு வேண்டும். மை எஸ்.க்யூ.எல். என்றால், பெயரில்லாப் பயனர்களையும் சோதனை டேட்டாபேஸையும் நீக்க அதனுடனேயே ஒரு பாதுகாப்பு நிரல் வருகிறது. அதை ஓட்டச் சொல்லுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் போர்ட்டைத் திறக்காமல் வி.பி.என். என்ற பாதுகாப்பான தனிவழி கேளுங்கள். புதிய கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பணப்பெட்டியில் வையுங்கள்; சர்வர் மேல் ஸ்டிக்கராக ஒட்ட வேண்டாம்.

சட்டமும் இறுகி வருகிறது. இணைய ஊடுருவலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. பிறர் விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதத்துக்கு 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. மென்பொருளை நிறுவியவர் யாராக இருந்தாலும், வாடிக்கையாளர் விவரங்களை வாங்கி வைத்திருப்பவர் நீங்கள்தான்.

எனவே அடுத்த முறை சர்வர் போட ஆள் வந்தால், மீதித் தொகையைக் கொடுக்கும் முன் பழைய கடவுச்சொல்லை உங்கள் கண் முன்னே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். திறந்தால், வேலை இன்னும் முடியவில்லை.