பழுது பார்க்க விட்ட வண்டி களவு போனால் நஷ்டம் யாரைச் சேரும்?

உழவுக்கு வேண்டிய டிராக்டரையும், குடும்ப உபயோகத்திற்கான மோட்டார் காரையும் பழுது பார்ப்பதற்காக விற்பனையாளரின் பட்டறையில் விட்டுவருதல் இக்காலத்தில் சாதாரண வழக்கமாகிவிட்டது. அவ்வாறு விடப்பட்ட வண்டி இரவில் களவு போய்விட்டால், "திருடன் கொண்டுபோனதற்கு நாங்கள் என்ன செய்யலாம்?" என்று பட்டறைக்காரர் கையை விரிப்பதும், சொந்தக்காரர் விதியை நொந்துகொண்டு வீடு திரும்புவதும் உண்டு. வண்டி பெரும்பாலும் கடனில் வாங்கப்பட்டதாயிருக்கும். வண்டி போனாலும் தவணை நிற்பதில்லை. உழவுப் பருவமும் காத்திருப்பதில்லை. ஆகவே, இவ்விஷயத்தில் சட்டம் கூறுவது யாது என்பதை விவசாயிகள் அறிந்திருத்தல் அவசியம்.

சட்டத்தின் நிலை

ஒருவர் தமது பொருளை ஒரு காரியத்தின் பொருட்டு மற்றொருவர் வசம் ஒப்புவித்து, காரியம் முடிந்ததும் அதைத் திரும்பப் பெறுவதாக ஏற்பாடு செய்துகொள்வது ஒப்படைப்பு எனப்படும். 1872-ம் வருஷத்திய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 148-வது பிரிவு இதனை விவரிக்கிறது. பட்டறையில் சாவியோடு விடப்பட்ட வண்டி இவ்வகையைச் சேர்ந்ததேயாகும்.

ஒப்படைப்பை ஏற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதர் அதே அளவும் தரமும் மதிப்புமுள்ள தமது சொந்தப் பொருளை எவ்வளவு ஜாக்கிரதையுடன் காப்பாரோ, அவ்வளவு ஜாக்கிரதையுடன் அதைக் காக்க வேண்டுமென்று 151-வது பிரிவு விதிக்கிறது. அவ்வாறு காத்தும் பொருள் நஷ்டமானால், தனி ஒப்பந்தம் இல்லாதவரையில், அவர் பொறுப்பாளியல்லர் என்பது 152-வது பிரிவு. எனவே, களவு நடந்தது என்ற ஒரே காரணத்தால் பட்டறைக்காரர் பொறுப்பாளியாவதும் இல்லை. அதே காரணத்தால் அவர் தப்பித்துக்கொள்வதும் இல்லை. தக்க ஜாக்கிரதை இருந்ததா என்பதே கேள்வி. வாயிற்கதவு பூட்டப்பட்டு, காவலாள் இருந்து, சாவிகள் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தும், ஆயுதந் தாங்கியவர்கள் பலவந்தமாக வண்டியைக் கொண்டுபோயிருந்தால் அது ஒரு நிலை. சாவியை வண்டியிலேயே விட்டு, சாலையோரத்தில் நிறுத்தியிருந்தால் அது முற்றிலும் வேறு நிலை.

வேறு இரண்டு பிரிவுகளும் கவனிக்கத்தக்கவை. ஒப்புக்கொண்ட தேதியில் பட்டறைக்காரரின் தவறுதலால் வண்டி திருப்பிக் கொடுக்கப்படாவிட்டால், அத்தேதி முதல் நேரும் நஷ்டத்திற்கு அவரே பொறுப்பாளி என்கிறது 161-வது பிரிவு. அனுமதியின்றி வண்டியைத் தம் காரியத்திற்கு ஓட்டி, அதனால் நஷ்டம் நேர்ந்தால் 154-வது பிரிவு அவரைப் பிடிக்கும்.

நிரூபிக்கும் பாரம்

பட்டறைக்குள் இரவில் நடந்தது வண்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? இதனால்தான், ஜாக்கிரதையாயிருந்ததாக மெய்ப்பிக்கும் பாரம் ஒப்படைப்பைப் பெற்றவர் மேல் சுமத்தப்படுகிறது. 1998-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 1-ந் தேதி இரவு, தில்லியில் ஒரு ஹோட்டலுக்கு வந்தவர் தமது மாருதி ஜென் காரின் சாவியை ஹோட்டல் சிப்பந்தியிடம் கொடுத்துச் சென்றார். அவர் திரும்பி வருவதற்குள் வேறொருவர் அக்காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கொடுக்கப்பட்ட சீட்டில் 'வண்டி சொந்தக்காரரின் பொறுப்பிலேயே நிறுத்தப்படுகிறது' என்ற வாசகம் இருந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, ஹோட்டல் மீது வழக்குத் தொடுத்தது. சுப்ரீம் கோர்ட்டு 14-11-2019-ல், சாவியையும் வண்டியையும் ஏற்றுக்கொண்ட ஹோட்டல் தன் அஜாக்கிரதையின் விளைவை அச்சிட்ட வாசகத்தால் தட்டிக்கழிக்க முடியாதென்று தீர்ப்பளித்தது. இது ஹோட்டலைப் பற்றிய வழக்கேயெனினும், அதற்கு அடிப்படை மேற்சொன்ன ஒப்படைப்புச் சட்டமே. ஆதலின், ரசீதின் பின்புறத்தில் இத்தகைய வாசகத்தைக் கண்டமாத்திரத்தில் எவரும் தம் உரிமையைக் கைவிட வேண்டுவதில்லை.

இன்ஷூரன்ஸ்

களவுக்கும் சேர்த்து இன்ஷூர் செய்திருந்தால் சொந்தக்காரர் முதலில் கம்பெனியிடம் தொகை கோரலாம். தொகை கொடுத்த கம்பெனி அவருடைய ஸ்தானத்தில் நின்று பட்டறைக்காரரிடம் அதை வசூலிக்கும். களவு போன ஒரு டிராக்டர் பற்றிய வழக்கில், போலீசாருக்கு அன்றே தகவல் கொடுத்த விவசாயி கம்பெனிக்கு 52 நாட்கள் கழித்தே தெரிவித்தார். அத்தாமதத்தை மட்டும் காரணமாகக் காட்டித் தொகையை மறுத்தல் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு 24-1-2020-ல் தீர்மானித்தது. எனினும் இரண்டு தகவலையும் உடனே கொடுப்பதே உத்தமம்.

செய்ய வேண்டியவை

வண்டியை விடும்பொழுது:

(1) தேதி, வண்டியின் பதிவு எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், கொடுத்த சாவிகளின் எண்ணிக்கை, திருப்பிக் கொடுக்கும் நாள் ஆகியவை கண்ட ரசீதைக் கையெழுத்துடன் பெறுக.

(2) அசல் பதிவுப் புத்தகத்தை வண்டியில் விடாதீர்கள். இன்ஷூரன்ஸ் காலாவதியாகவில்லை என்பதைப் பார்த்துக்கொள்க.

(3) வேலை முடிந்ததென்று தெரிந்ததும் தாமதமின்றி வண்டியைக் கொண்டுவருக. கூலி கொடுபடும்வரை வண்டியை நிறுத்திவைத்துக்கொள்ளப் பட்டறைக்காரருக்கு 170-வது பிரிவின்படி உரிமையுண்டு.

களவு போனபின்:

(4) உடனே போலீசில் புகார் எழுதிக்கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுக, அது இலவசம். பட்டறையின் கண்காணிப்புக் காமிராப் பதிவுகள் அழியுமுன் கைப்பற்றும்படி புகாரிலேயே கேட்டுக்கொள்க.

(5) பட்டறைக்காரர், இன்ஷூரன்ஸ் கம்பெனி, கடன் கொடுத்த பாங்கு ஆகியோருக்கு ஸ்பீடு போஸ்டில் எழுதுக.

(6) பரிகாரம் கிடைக்காவிடில், 2019-ம் வருஷத்திய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 வருஷங்களுக்குள், தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் கமிஷனிலேயே முறையிடலாம். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக் கட்டணம் இல்லை.

நெல்லை அளந்து போடும்பொழுது ரசீது கேட்கத் தயங்காத விவசாயி, அதனினும் பன்மடங்கு விலையுள்ள வண்டியை வாய்ச்சொல்லை நம்பி விட்டுவருதல் தகாது. சட்டம் துணை நிற்கிறது. ஆனால் அதன் முன் எடுத்துக்காட்டுவதற்குக் கையில் ஒரு காகிதம் இருத்தல் வேண்டும்.